காய்ச்சல் கட்டியும் கொட்டகுடி வெள்ளமும்

சபையாரே, நான் வாய்க்காரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவரிடமும் வாயாடியவள். அதை மறைக்காமல் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

யுத்தம் தொடங்கின வருஷம். என் வீட்டுக்காரர் மலைக்குப் போய் ஏலக்காய் வாங்கிவந்து போடி கடைவீதியில் விற்கிறவர். மலைக்காய்ச்சல் அவரைப் பிடித்தது. குளிர், நடுக்கம், பிறகு உடம்பெல்லாம் நெருப்பு. தபாலாபீஸில் விற்கிற கொயினா மருந்துப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவேன். கொயினா சூடு, ரத்தத்தைச் சுண்டவைத்துவிடும் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. ஐப்பசியில் இடது விலாவுக்குக் கீழே கல்மாதிரி ஒரு கட்டி. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நான் இடிந்துபோனேன்.

“சூடு போட்டாத்தேன் காய்ச்சல் கட்டி கரையும்” என்றார் பக்கத்துக் கடைக்காரர். சூடு போடுகிறவர் மந்திரம் சொல்வார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களுக்கு அது ஆகாது என்றுவிட்டோம். ஆற்றுக்கு அக்கரையில் ஒருவர் இருந்தார். விளக்கெண்ணெய் தடவி, முழங்கையால் அமுக்கி நீவியே கட்டியைக் கரைப்பாராம். மந்திரம் கிடையாது. பாவமில்லாத வைத்தியம் கிடைத்ததே என்று ஆள் அனுப்பினேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை பேய்மழை. கொட்டகுடி ஆறு கரைபுரண்டது. மறுநாள் காலை கரையில் போய் நின்றேன். அக்கரையில் அவர் எண்ணெய்க் கலயத்தோடு நிற்பது தெரிந்தது. முழங்கால் போட்டு அழுதேன்.

“ஆண்டவரே, செங்கடலப் பொளந்தீரே, இந்த ஆத்தச் செத்த நேரம் வடிய வைக்க மாட்டீரா?”

தண்ணீர் இன்னும் ஏறியது. அவர் திரும்பிப் போய்விட்டார். “நல்லா இருக்கு உம்ம நியாயம்!” என்று வானத்தைப் பார்த்து ஏசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் நம் கோயில் உபதேசியார், கூடவே ஒரு டாக்டர்.

“மலைத்தோட்டத்துல ஆளுகளப் பாத்துட்டு எறங்குனாக தாயி. ஆத்தக் கடக்க முடியாம நம்ம கோயில்ல தங்கியிருக்காக. நாந்தேன் ஒரு எட்டு வந்து பாக்கச் சொன்னேன்” என்றார் உபதேசியார்.

டாக்டர் விரல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். “மண்ணீரல் வீங்கியிருக்கும்மா. யாராவது அமுக்கினாங்களா?”

“இல்லங்கய்யா. இன்னைக்குத்தேன் அமுக்க வர்றதா இருந்தாக. ஆறு மறிச்சிருச்சு.”

“வந்திருந்தா மண்ணீரல் பிளந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கும். இந்நேரம் உயிர் இருந்திருக்காது.”

“ஆத்தாடி!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் தாலியை அறுக்கும்படி நானே அல்லவா கெஞ்சியிருக்கிறேன்! எத்தனை பெரிய ஆற்றை ஆண்டவர் நிரப்பி, என் வாய்க்கு எதிராக நிறுத்திவைத்தார்!

காய்ச்சல் விட்டாலும் கொயினாவை நிறுத்தக்கூடாது, வயிற்றில் இடி படக்கூடாது, கொசுவலை இல்லாமல் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ரத்தம் ஊற இரும்பு மருந்தும் கொடுத்தார். கசப்பு தாங்காமல் என் வீட்டுக்காரர் என்னை வைவார். நான் மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். தை மாதம் கட்டி பாதியானது. சித்திரையில் டாக்டரின் விரலுக்கே தட்டுப்படவில்லை.

கேட்டது கிடைக்காமல் சோர்ந்திருக்கிறவர்களே, ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நானும் விடவில்லை, சண்டையையும் விடவில்லை. கடைசியில் மட்டும், “எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்” என்று சொல்லி முழங்காலிலிருந்து எழுகிறேன்.

என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் ஆண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். மூன்றாவது வரிசையில், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.