ஆர்னோ வாயை மூடிக்கொண்ட படம்

படங்கள் பேச ஆரம்பித்தபோது பெர்லினில் பாதி நடிகர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மைக்குக்குக் குரல் ஒத்துவரவில்லை என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், ஆள் தொலைந்தான். சந்தோஷப்பட்டவன் ஆர்னோ ப்ரால்லே ஒருவன்தான். பாட்டும் கேலிப்பேச்சுமாக நடக்கும் கேபரே மேடைகளில் வாயாலேயே பிழைத்தவன். அவன் பேசினால் பீர் குடிப்பவனுக்குச் சிரிப்பில் புரையேறும். ஊமைப் படக்காரர்கள் அவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு காதல் நகைச்சுவைப் படம் கிடைத்தது. கோடீஸ்வரர் மகளுக்கு லிஃப்ட்காரன் மேல் காதல். ஆர்னோ ஹோட்டல் வாசல்காரன். வாய் ஓயாத வேஷம். நான் அறை கூட்டுகிறவள். ஒரு வசனம் கிடையாது.

ஒரே செட்டில் அந்தப் படத்தை மூன்று மொழிகளில் எடுத்தார்கள். ஜெர்மன் காட்சி முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அதே சாக்பீஸ் குறியில் நிற்பார்கள். அடுத்து ஆங்கிலேயர்கள். ஆர்னோ போட்டிருந்த கோட்டை வியர்வை காய்வதற்குள் கழற்றி பாரிஸ்காரனுக்கு மாட்டுவார்கள். ஆர்னோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் பேசாத நான் எந்த மொழிக்கும் பொருந்துவேன் என்பதால் மூன்றிலும் நானே.

“இவ்வளவு பேசற நான் பெர்லினோட சரி. பாரிஸ், லண்டனெல்லாம் போறது உன் மூஞ்சியா, மார்கா?”

“நீயும் வாயை மூடு, போகலாம்” என்றேன், கிண்டலுக்கு.

அந்த மடையன் நேரே டைரக்டரிடம் போனான். “சார், என் வசனத்தை எல்லாம் எடுத்துடுங்க. கையையும் மூஞ்சியையும் வச்சே பண்ணிடறேன். மூணுலயும் என்னையே போட்டுக்குங்க.” டைரக்டருக்குக் கசக்குமா? இரண்டு நடிகர்களின் சம்பளம் மிச்சம்.

“கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? உன் சரக்கே வாய்தானேடா!” என்றேன்.

“ஒரு படம்தானே? மூஞ்சி பதியட்டும், அப்புறம் பேசிக்கறேன்.”

படம் வெளியான அன்று சனங்களோடு உட்கார்ந்து பார்த்தோம். அவன் திரையில் வந்ததுமே தியேட்டர் சிரித்தது. சந்தோஷத்தில் என் கையை நசுக்கிவிட்டான். முன்வரிசைப் பெண் தன் புருஷனிடம் கேட்டாள்: “இது கேபரே ஆர்னோ இல்ல? ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசலை?”

“மைக்குல குரல் நிக்கலை போல. பாவம், அதான் பேச விடாம வச்சுட்டாங்க.”

எனக்கு எழுந்து அறையலாம் போலிருந்தது. ஆனால் எத்தனை பேரை அறைவது? ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதே பேச்சு. பேசும் வேஷம் கேட்டு ஆர்னோ ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினான். நானும் கூடப் போனேன். “நானேதாங்க வசனத்தை வேண்டாம்னேன்” என்றால் நம்ப ஆளில்லை. பேசும் வேஷம் கிடைத்தவன் எவனாவது வசனத்தை வேண்டாம் என்பானா?

கடைசியாகப் போன இடத்தில் கெஞ்சினான். “ஒரே ஒரு தடவை மைக் முன்னால நிக்க விடுங்க.”

நடிகர்களைத் தேர்வு செய்பவர் நல்ல மனுஷர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “எதுக்குங்க வீண் சங்கடம்? பேசவே வேண்டாத வேஷம் ஒண்ணு இருக்கு, மூணு மொழிக்கும் சேர்த்து. பண்றீங்களா?”

ஆர்னோ சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.