கங்காணிக்கு வெயில் காட்டிய மாதங்கள்

முதலில் அது சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தியது. நான் தொட்டியருகே போனாலே கழுத்தை நீட்டிக்கொண்டு நீந்தி வருகிற ஆமைக்குட்டி, அன்று கல்லின் மேல் அசையாமல் கிடந்தது. இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. தூங்குகிறது என்று நினைத்தேன். மூன்று நாட்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சிறிய நீர் ஆமை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமே நோயில் இருந்துகொண்டு இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிக்கலாம்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, மகள் ஷெரின் மட்டக்களப்புப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட இருந்தாள். போவதற்கு முன் கண்டி டவுனில் ஒரு மீன்தொட்டிக் கடையில் இந்தக் குட்டியை வாங்கி வந்தாள். பிஸ்கட் அளவு இருந்தது. கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. "ஒங்களுக்குப் பேச்சுத் துணைக்கும்மா" என்றாள். கல்லின் மேல் ஏறி நின்று எல்லோரையும் மேற்பார்வை பார்த்ததால், என் கணவர் அந்தோனி அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார். அவர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே கூலியாட்களை மேய்த்த கங்காணிமாரைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய உண்டு.

தொட்டியை வீட்டு முன் ஹோலில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தோம். படத்துக்கு முன்னால் இரவு பகலாக ஒரு சின்னச் சிவப்புப் பல்ப் எரியும். கங்காணி அந்தப் பக்கமாகவே கழுத்தை நீட்டிக் கிடக்கும். குளிர் காய்கிறது, ஆசீர்வாதமும் சேர்த்து வாங்குகிறது என்று சிரித்துக்கொள்வோம்.

எனக்குக் கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது) நடந்தது. பெரியாஸ்பத்திரி மரவாங்கில் வரிசையில் உட்கார்ந்து, ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். நான் அழவில்லை. தைரியசாலி என்றார்கள். தைரியம் ஒன்றுமில்லை, மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். கடைசிச் சுற்றுகளில் விரல்நுனிகளும் மரத்துப்போயின. நியூரோபதி (நரம்பு முனைகள் பழுதாகி உணர்வு குறைவது) என்றார் டொக்டர். சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட அந்தோனி வர வேண்டியிருந்தது.

ஆமை இருக்கிறது என்று சொன்னதும் தாதி கையுறை போடச் சொன்னார். ஆமையின் உடம்பில் சல்மொனெல்லா (வயிற்றைக் கெடுக்கும் ஒரு கிருமி) இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அது படுக்கையில் போட்டுவிடும். நான் கையுறை போட்டுத்தான் கங்காணியைத் தூக்கினேன். தினமும் தூக்கினேன்.

கண் வீங்கிக் கிடந்த மூன்றாம் நாள் விடுமுறைக்கு வந்த ஷெரின் அதைக் கையில் எடுத்தவுடனேயே முகம் மாறினாள்.

"அம்மா, ஓடு அமுங்குது. தினமும் தூக்குறீங்கதானே, தெரியலையா?"

தெரியவில்லை. என் விரல்களுக்குக் கல்லும் ஒன்றுதான், ஈரச் சவர்க்காரக் கட்டியும் ஒன்றுதான். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் இருந்த மிருக வைத்தியர் ஒரு முஸ்லிம் பெண். கங்காணியைத் தராசில் வைத்தார், ஓட்டை அழுத்தினார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வெயில்ல வைக்கிறீங்களா?"

"ஹோல்ல பல்ப் எரியுது டொக்டர்."

என்ன பல்ப் என்று கேட்டார். அந்தோனி சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி.

"அது வெளிச்சம் தரும், வெயில் தராது. ஜன்னல் கண்ணாடிக்குள்ளால வர்ற வெயிலும் போதாது. நேர் வெயில் பட்டாத்தான் சாப்பிடுற கல்சியம் ஓட்டுல சேரும். இதுக்கு எலும்பு இளகிட்டு."

வளர்சிதை எலும்பு நோய் (சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பும் ஓடும் மெலிவது) என்று துண்டில் எழுதித் தந்தார். கண் வீக்கம் விற்றமின் ஏ குறைவால். நாங்கள் பாணும் (பேக்கரி ரொட்டி) காய்ந்த இறாலும் மட்டுமே போட்டுவந்தோம். இரண்டு ஊசி போட்டார். முள்ளோடு சின்ன மீனும் கீரையும் கொடுக்கச் சொன்னார். காலையில் ஒரு மணித்தியாலம் வெளியே தண்ணீர்ப் பேசினில் வைக்க வேண்டும். பேசினில் பாதி நிழலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும்.

"பக்கத்துல ஆள் இருக்கணும். காகம் தூக்கிரும். ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாப்போம். சாப்பிடத் தொடங்கினா பிழைக்கும். இல்லாட்டி சொல்ல ஏலாது."

ஷெரின் மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டாள். அந்தோனி விடியவே வேலைக்குப் போய்விடுவார். அந்த ஆள் நான்தான்.

முடி கொட்டிய பிறகு நான் முற்றத்துக்கு இறங்கியதில்லை. துணி காயப்போடுவதும் அந்தோனிதான். இப்போது உட்காரக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கண்டி வெயிலை நம்பி வடகம்கூடப் போட முடியாது. மேகம் விலகும்வரை காத்திருந்து, வெயில் நகர நகரப் பேசினையும் நகர்த்தினேன். நாலாம் நாள் வியர்வை பொறுக்காமல் தலைத்துணியை அவிழ்த்தேன். ரோட்டில் போனவர்கள் என் தலையைப் பார்த்தார்கள், பிறகு பேசினைப் பார்த்தார்கள். பேசின்தான் வென்றது. நின்று விசாரிக்க அதில் விஷயம் இருந்தது.

பக்கத்து வீட்டு மேரியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இன்னும் சாப்பிடலக்கா."

"ஐயோ, அப்படி இருக்கக் கூடாது. கஞ்சியாச்சும் குடிக்கப் பாரு."

திருத்தவில்லை. எனக்கும் கஞ்சி தேவையாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் கங்காணி ஒரு கண்ணைத் திறந்து மீன் துண்டு ஒன்றைக் கடித்தது. துப்பியது. மறுபடி கடித்து விழுங்கியது. மகிழ்ந்தேன் என்று எழுத மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு போய் ஒரு பிளேன்டீ ஊற்றினேன்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாகவே நடந்தது. வேலைக்குப் போகுமுன் அந்தோனி ஓட்டை அழுத்திப் பார்த்துச் சொல்வார். "இன்னும் மெத்துன்னுதான் இருக்கு." சில கிழமைகள் கழித்து, "ஓரம் இறுகுது." இதே பாடு படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு நாளும் நல்ல செய்தியை எதிர்பார்க்காதீர்கள். ஓடு உங்கள் அவசரத்துக்கு வளராது. என் முடியும் அந்த மாதங்களில்தான் பூனை ரோமம் போல முளைத்தது. அதையும் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறு மாதங்கள் கழித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு மறுபடியும் போனோம். முதுகு ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகவே இறுகியிருந்தது. அது இனி நேராகாது என்றார் டொக்டர். "அது பரவாயில்ல. நல்லாப் பாத்துக்கிட்டா முப்பது வருஷம் இருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. என் அடுத்த கிளினிக் திகதிக்கு அப்பால் எந்த ஒரு நாளைப் பற்றியும் நாங்கள் இருவரும் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாலம் தாண்டிய பிறகு அந்தோனி கேட்டார்.

"முப்பது வருஷமாம். யாரு பாக்குறது?"

"வேற யாரு? நான்தான்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கணக்குப் போட்டேன். என் நாற்பத்தேழும் அந்த முப்பதும் எழுபத்தேழு.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு முதன்முதலாகச் சாகப் பயம் வந்தது.