அடுப்புக்கு மேலே சில்வஸ்டரின் பூட்ஸ்

என் வீட்டுக்காரர் தங்கவேலுவுக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும். ஆனால் கீழ் கோத்தகிரிப் பக்கம் எந்த எஸ்டேட்டில் மேட்ச் என்றாலும் போய்விடுவார். ஆட்டம் முடிந்ததும் யாரிடமாவது கெஞ்சி, பிய்ந்துபோன பூட்ஸை வாங்கி வருவார். புதுசைக் கொடுத்தால் வேண்டாம். மேட்சில் போட்டு ஆடியதாக இருக்க வேண்டும், சேற்றையும் கழுவக் கூடாது. அப்படிப் பதினேழு ஜோடி சேர்ந்தது.

காலில் போட்டதை வீட்டுக்குள் வைக்க நான் விடவில்லை. அவருக்கு ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் வேலை. அதன் பின்புறச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அங்கேயே பலகை அடித்து அடுக்கிக்கொண்டார். இந்த மலை ஈரத்தில் முப்பது வருஷம் தோல் கெடாமல் இருந்தது அந்தச் சூட்டால்தான்.

தேயிலை விலை விழுந்தது, ஃபேக்டரியை நிறுத்திவிட்டார்கள். பூட்ஸை இரண்டு சாக்கில் கட்டித் தூக்கி வந்தார்.

“ஏம்புள்ள, அடுப்புக்கு மேல பரண் சும்மாதானே கெடக்குது?”

“சோறாக்குற எடத்துலயா? வேணும்னா உங்களத் தூக்கிப் பரண்ல வெக்கறேன்.”

“என்னைய அது தாங்காது” என்று சொல்லிவிட்டு விறகுக் கொட்டகையில் வைத்தார்.

ஆடி மழை பிடித்தது. பத்தே நாளில் எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அவர் துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் அடுத்த லயத்து வீட்டு ஜெஸிந்தா வந்தாள். அவள் புருஷன் சில்வஸ்டர் எங்கள் எஸ்டேட் கோல்கீப்பர்; அந்தப் பதினேழில் ஒரு ஜோடி அவனுடையது. லாரி கவிழ்ந்து செத்து எட்டு வருஷம். அந்தத் தேதியில் வருஷம் தவறாமல் வந்து, அவன் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவாள். அன்று முந்தானையால் துடைத்தாள். தோல் பிய்ந்து அவள் விரலோடு வந்தது.

“உள்ள அவரு பாதம் பதிஞ்ச பள்ளம் இருக்குதுங்கக்கா. அது போகாம இருந்தாப் போதும்.”

அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், முக்காலி போட்டு ஏறி, புளிப்பானையை நகர்த்திவிட்டுப் பரணில் வைத்தேன்.

“மீதியையும் கொண்டாங்க.”

அவர் நம்பாமல் நின்றார். “சேறு கொழம்புல உதுந்தா?”

“உதுந்தா நீங்கதான் திங்கோணும்.”

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஜெஸிந்தா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள்.