திருமயத்தில் ஒலித்த சைரன்

அந்த நாட்டுச் சைரன் திருமயத்தில் முதலில் ஒலித்தது என் ஜெராக்ஸ் கடையில்தான். பட்டா நகல் எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், தீயணைப்பு வண்டி வருகிறதென்று நினைத்துத் தன் சைக்கிளை ஓரங்கட்ட ஓடினார். சத்தம் வந்தது என் செல்போனிலிருந்து. என் கணவர் கட்டட வேலைக்குப் போயிருக்கும் ஊருக்கு ஏவுகணை வந்தால் எச்சரிக்கும் செயலி அது. அங்கே எல்லோர் போனிலும் இருக்குமாம். நானும் என் போனில் போட்டு, அவர் ஊரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நாட்டின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் உடனே உச்சுக் கொட்டுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் சொல்லப்போவதில்லை.

எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் கூடுதல். தினமும் அவரைக் குடைவேன். "பதுங்குற ரூமுல ஃபேன் இருக்கா? ஒக்கார என்ன போட்டுருக்காங்க? அந்த ஊருப் பொம்பளைங்க நைட்டியோடயா எறங்கி வாராங்க?" அவரும் சளைக்காமல் சொல்வார். சைரன் அடித்தால் ஒன்றரை நிமிடத்தில் கீழ்த்தளத்துக்குப் போய்விட வேண்டும். கண்ணாடி பக்கம் நிற்கக் கூடாது. விழுந்து கிடக்கும் இரும்புத் துண்டைத் தொடக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. மாடி வீட்டு அம்மா நாயைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த நாய் சைரனுக்குக் குரைக்காது, இவரைப் பார்த்தால்தான் குரைக்கும். பதுங்கும் அறைக் கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் தெருமுனை ரொட்டிக் கடையில் பழையபடி வரிசை நிற்கும். அந்த வரிசையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. பாஸ்போர்ட் நகலை லேமினேட் செய்து கொடுத்தனுப்பியிருந்தேன். தூதரகப் பதிவுப் படிவத்தைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பினேன். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற கட்டத்தில் என் பெயரை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

சைரன் அடித்த மறுநொடியே அவருக்குப் போன் போடுவேன். "எறங்கிட்டீங்களா?" என்பேன். "எறங்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்பேன். எங்கள் ஊரில் உலகமே புரண்டாலும் அதைக் கேட்காமல் போனை வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறாரே என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள், அவரோடு அறையில் தங்கியிருக்கும் குளத்தூர்க்காரர் எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. சைரன் அடிக்கிறப்ப அண்ணனுக்குப் போன் போடாதீங்க. கீழ ரூமுல சிக்னல் கெடையாது. ஒங்க போன் வருமேன்னு அண்ணன் மாடிப்படித் திருப்பத்துலயே நின்னுர்றாரு. அங்கிட்டு ஆளு ஒசரத்துக்குக் கண்ணாடி. நேத்து நாந்தான் சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்."

ஃபேனைப் பற்றிக் கேட்டேன், நாயைப் பற்றிக் கேட்டேன். கீழே சிக்னல் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவர்மேல் கோபமும் வந்தது. அன்று மாலை போனிலேயே சண்டை.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"எடுக்கலைன்னா நீ பதறிருவ."

"பதறுனா பதறிட்டுப் போறேன். நீங்க மொதல்ல கீழ போங்க."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் போன் போடக் கூடாது. கீழ்த்தளத்திலிருந்து வெளியே வந்ததும் அவர் ஒரு மிஸ்டு கால் விடுவார். அதை நான் எடுக்கவும் கூடாது. எடுத்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், அவர் வெட்டவெளியில் நின்றுவிடுவார்.

நாலாவது நாள் முற்பகலில் சைரன் அடித்தது. கடையில் அதே பெரியவர், இந்த முறை ஆதார் நகலுக்காக. சத்தம் எதற்கென்று கேட்டார், சொன்னேன்.

"போனப் போட்டுக் கேளு தாயி."

"போடக் கூடாதுங்க ஐயா."

ஆதாரின் பின்பக்கத்தையே இரண்டு முறை நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. "ஒங்க பஸ்ஸுங்க" என்றேன். "அடுத்தது வரும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அன்று இருபதும் தாண்டியது. கை தானாகப் போய் அவர் எண்ணை எடுத்துவிட்டது. அந்தப் படித் திருப்பம் நினைவுக்கு வந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் பிரிக்காத காகிதக் கட்டு ஒன்றைத் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். அழுதேன், கடை என்றும் பார்க்கவில்லை.

கட்டுக்கு அடியில் போன் அடித்தது.

"எடு தாயி, எடு" என்று பெரியவர் எழுந்தே விட்டார். நான் கையை எடுக்கவில்லை. இரண்டு ரிங் அடித்து ஓய்ந்தது.

"அடடா, நின்னுபோச்சே" என்றார் அவர், வருத்தமாக.

"ஆமாங்க ஐயா" என்றேன். "வெளிய வந்துட்டாரு."