நல்லுசாமியை விசாரித்த மாண்டலின்

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருக்கும் ஜோதி, நாற்பத்தெட்டு வயதில் ஆன்லைனில் ஒரு எலக்ட்ரிக் மாண்டலின் வாங்கினார். இருப்பதிலேயே விலை குறைந்தது. பெட்டியைப் பிரித்து மீட்டியதும் கணவர் நல்லுசாமி, “தகர டப்பாவுக்குக் கம்பி கட்டின மாதிரி இருக்கு” என்றார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். அபிப்பிராயம் சொல்லத் தயங்காதவர்.

“ரயிலும் தகரந்தாங்க. ஓடலையா?” என்றார் ஜோதி.

கம்பிகள் விரலை அறுக்கும் உயரத்தில் நின்றன. மேலே போகப் போகச் சுரம் விலகியது. ஜோதி கம்பி உட்காரும் பள்ளங்களை ஊசி அரத்தால் ராவி ஆழமாக்கினார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை நூலளவு நகர்த்தினார். ஐந்து கம்பிகளையும் மாற்றினார். சுரம் நேராக நின்றது. ஆனால் மறுநாள் எழுந்து பார்த்தால் ஐந்தும் தொய்ந்து கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. கம்பிகளை முறுக்கும் கீக்களைக் கழற்றித் துடைத்து இறுக்கியும் பயனில்லை. ரயில் பெட்டியின் பிரேக்கையே அடக்குபவருக்கு ஐந்து கம்பிகள் அடங்கவில்லை.

மாண்டலினை இணைத்த ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் ஊளையிடுகிறது என்று ஸ்பீக்கரை ஹாலில் வைத்து, நீள வயர் இழுத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். ஒரு மாலை பொறுமையிழந்து மாண்டலினை முகத்தருகே தூக்கி, “சனியனே, உனக்கு என்னதான் வேணும்?” என்று கத்தினார். ஹாலில் ஸ்பீக்கர் அதே கேள்வியைத் தகரக் குரலில் கேட்டது. கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் மலிவானதாயிற்றே! உள்ளே கம்பிச் சுற்று தளர்ந்திருந்ததால் பேச்சையும் வாங்கிக்கொண்டது.

“யாரது?” என்று நல்லுசாமி அலறினார். மனைவி மொட்டை மாடியில் துணி எடுப்பதாக அவர் நினைப்பு.

ஜோதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிக்கப்பில் உதட்டை வைத்தார். “நல்லுசாமி! நீ பண்ணது எல்லாம் எனக்குத் தெரியும்.” உண்மையில் ஒன்றும் தெரியாது. சும்மா போட்ட தூண்டில்.

ஹாலில் நல்லுசாமியின் குரல் பணிந்தது.

“சாமி, சுகர் இருக்குன்னு தெரிஞ்சும் அல்வா தின்னேன். மீதி பீரோ மேல இருக்கு.”

“அப்புறம்?”

“விடியக்காலைல மண்டிக்குக் கிளம்பறப்போ மாண்டலின் கீயத் திருகி விடறதும் நான்தான்.”

ஜோதியின் சிரிப்பு நின்றுபோனது. “ஏன்டா?”

“நாலு மாசமா ஒரே சரளி வரிசை சாமி. தார் எண்ணினா ஒண்ணு ரெண்டு வரமாட்டேங்குது, ச ரி கன்னு வருது. வெறுத்துப்போய் ஜோதி அத மூட்டை கட்டிருவான்னு பாத்தேன். அவ ஸ்பானரும் கையுமா உக்காந்துட்டா!”

கதவைத் திறந்து கோபமாகத்தான் வந்தார் ஜோதி. ஸ்பீக்கர் முன்னால் கணவர் கைகூப்பி நின்ற கோலத்தைப் பார்த்ததும் கோபம் பறந்துவிட்டது. நல்லுசாமி வயரைப் பார்த்தார், மாண்டலினைப் பார்த்தார், கையை மெல்ல இறக்கினார்.

“அல்வாவ எடுங்க மொதல்ல.”

அதன்பின் கம்பிகள் தொய்யவில்லை. ஜோதியும் சரளி வரிசையை விட்டு ஒரு கீர்த்தனைக்குத் தாவினார். சுமாராகத்தான் வந்தது.

உருகிய மெழுகில் முக்கினால் தளர்ந்த சுற்று இறுகி, பிக்கப் பேசுவது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஜோதி கிண்ணத்தில் மெழுகுவத்தித் துண்டுகளைப் போட்டு அடுப்பில் கொதிக்கும் வெந்நீரில் வைத்தபோது, நல்லுசாமி வந்து அடுப்பை அணைத்தார்.

“இரு ஜோதி. பக்கத்து மண்டிக் காத்தான் சாயங்காலம் வரேன்னிருக்கான். காணாமப்போன என் புதுக் குடைய யாரு எடுத்தான்னு அவன்கிட்ட கேட்டுட்டு, அப்புறம் முக்கலாம்.”