காது நோகாத செட்டு

என் வீட்டுக்காரருக்குக் கார் கம்பெனியில் கேட்கிற வேலை. கேட்பதற்கெல்லாம் சம்பளமா என்று சிரிக்காதீர்கள், கல்யாணமான புதிதில் நானும் சிரித்தவள்தான். லைனிலிருந்து இறங்கும் புதுக் காரை எடுத்துக்கொண்டு, கம்பெனிக்குள்ளேயே மேடும் பள்ளமுமாகப் போட்டு வைத்திருக்கும் பாதையில் ஓட்ட வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்து டிக் டிக் என்றாலும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசிக் கீச் என்றாலும் காரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் அதில் கெட்டிக்காரர். ஷிஃப்ட் முழுக்க இதே வேலை.

அந்தக் காதோடுதான் வீட்டுக்கு வருவார். வீட்டில் நான் இருப்பேன்.

எனக்கு ஊர் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வடக்குப்பட்டு. எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிரெய்னியாக வந்து, எங்கள் அப்பா கட்டிய மாடி ரூமில் வாடகைக்கு இருந்தார். கீழே நின்று நான் யாரையாவது கூப்பிட்டால் மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு தலை தெரியும் என்று என் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டார். அப்போது இந்தக் குரல் அவர் காதைக் குத்தவில்லை போலிருக்கிறது.

எப்போது குத்த ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. “ஏட்டி, கொஞ்சம் மெதுவாப் பேசேன். பொழுதன்னைக்கும் காதக் குடுத்துட்டு வாரேன்” என்பார். நியாயமாகத்தான் பட்டது. மிக்சியை அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு போட்டேன். பாத்திரத்தை ஓசைப்படாமல் கழுவினேன். கொலுசைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் போகின்றன, ஜன்னலே அதிரும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை. லாரியை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. என்னைச் செய்ய முடியும்.

மகள் வீட்டில் இருந்தவரைக்கும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சமையல்கட்டில் அவளும் நானும் குசுகுசுவென்று பேசிக்கொள்வோம். அவள் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான், இந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஜோடிக் காது என்று உறைத்தது. அந்தக் காதும் நாள் முழுக்க உழைத்துக் களைத்து வருகிற காது.

அப்படி என்ன சொல்லிவிடப் போகிறேன்? என் தம்பி பாகத் தகராறில், அடுத்த தெருவில் இருக்கும் அப்பாவிடம் பேசாமல் இருப்பது. எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் தண்ணீரைத் திறந்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டது. இடுப்பு வலி. மகள் போனில் ஒரு மாதிரியாகப் பேசியது. ஊரை விலைக்கு வாங்குகிற சேதி எதுவும் கிடையாது. ஆனால் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு மனுஷன் கேட்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். “ஒண்ணு சொல்லணும்ங்க” என்று ஆரம்பித்தாலே அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். அதனால் நியூஸில் முதலில் வாசிப்பார்களே, அந்த மாதிரி ஒரே வரியில் சொல்லப் பழகினேன். “தம்பி வந்தான், அப்பாவப் பாக்காமப் பூட்டான்.” அவ்வளவுதான். விவரம் எல்லாம் என் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அவரே சொன்னார்: “சும்மா இருந்தாலும் காதுக்குள்ள கார் ஓடிக்கிட்டே இருக்கு. நல்லதா ஒரு செட்டு வாங்கி, நாலு பாட்டு நிம்மதியாக் கேட்டாத்தான் சரியாவும்.” எனக்குச் சந்தோஷம். பாட்டுக் கேட்டால் மனசு இளகும், இளகினால் பேச்சும் கேட்பார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதலில் டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான சவுண்ட் பார் வந்தது, கூடவே தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி. போட்டதும் வீடே கிடுகிடுத்தது. அவர் முகம் சுருங்கியது. “எங்கயோ ஆடுது” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது வேட்டை. கார் டேஷ்போர்டைத் தடவுவது மாதிரி வீட்டைத் தடவினார். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, பீரோக் கைப்பிடி, சாமி படங்களின் சட்டம், டியூப்லைட் பட்டி என்று ஒவ்வொன்றிலும் கையை வைத்து, அது ஆடினால் கறுப்பாகத் துணி மாதிரி இருக்கும் ஃபெல்ட் டேப்பை வெட்டி ஒட்டினார். கேஸ் அடுப்புக் குமிழைக்கூட விடவில்லை. வந்தவர்கள் எல்லாம் இதென்ன, வீட்டுக்கு அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்கள். இவ்வளவு செய்தும் அரை மணி நேரம் கேட்டால் அவருக்குத் தலைவலி. “கூர்மையா இருக்கு, கம்பி வச்சுக் குத்துத மாதிரி” என்றார்.

பிறகு ஹெட்போன். இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் நான் என்ன ஒரு வரி சொல்வது? நல்லவேளை, காது வியர்த்துப் புண்ணானதில் அது ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போனது.

அதன் பிறகு மெட்ராஸில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். “சார், இப்ப வர்ற செட்டெல்லாம் கடையில கேட்டவொடனே பிடிக்கணும்னு பண்றாங்க. ச்ச, ட்ச-ங்கிற சத்தத்தத் தூக்கி வெச்சிருப்பாங்க. அதான் காத அலுக்க வெக்கிது. போதாததுக்கு டைல்ஸ் தரை, வெறும் சொவுரு. சத்தம் முட்டி முட்டித் திரும்பி வருது, காது இன்னா பண்ணும் பாவம்” என்றார். அலுப்பில்லாமல் கேட்க வேண்டுமென்றால் முதலில் அறையைச் சரி பண்ணுங்கள், சத்தம் கம்மியாக வையுங்கள், சரியான இடத்தில் உட்காருங்கள் என்றார். இவர் வேதவாக்கு மாதிரி தலையாட்டிக் கேட்டார். ஒரு மணி நேரம் கேட்டார். அவர் ஒரு மணி நேரம் ஒருவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, கனமான ஆம்ப்ளிஃபையர் ஒன்று. வேறு யாரோ வைத்திருந்து கொடுத்தவை. அவை வீட்டுக்கு வந்ததும் ஹாலில் தடித்த திரை தொங்கியது, தரையில் ஜமுக்காளமும் அதன்மேல் கம்பளமும் விரிந்தன. ஸ்பீக்கர்கள் சுவரை ஒட்டி இருக்கக் கூடாதாம், நடுவீட்டுக்கு வந்து நின்றன. இரண்டுக்கும் எதிரே ஒரு நாற்காலி. இஞ்சு டேப்பை வைத்து அளந்து, நாற்காலியின் நான்கு காலுக்கும் அடையாளம் ஒட்டினார். சரியான இடம் அது ஒன்றே ஒன்றுதானாம், ஒரு சாண் நகர்ந்தாலும் போச்சாம். நாங்கள் இருவரும் உட்கார்கிற சோபா சத்தத்தை மறைக்கிறது என்று தம்பி வீட்டுக்குப் போனது.

“அப்போ நான் எங்க குந்துறது?” என்றேன்.

“உனக்கென்ன, நீ அடுப்படியிலதான இருக்க” என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

செட்டு சரியாக அமைந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. தலைவலி இல்லை, நெற்றியைப் பிடிப்பது இல்லை.

அவர் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நின்று, என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் பாடுவது மாதிரி இருந்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஒரு பெண் மூச்சு வாங்குவது வரைக்கும் இந்த மனுஷன் கேட்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து, நாற்காலியைப் பழைய அடையாளத்திலேயே சரியாக வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை செய்கிற ஒருவர் வந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவர் பக்கத்தில் நின்றுகொண்டார். “இந்தப் பொம்பளக் குரலக் கேளும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேக்கலாம். அலுக்கவே அலுக்காது” என்றார். நான் காபி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நண்பருக்காவது என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், “அண்ணி, நீங்களும் கேக்குறீங்களா?” என்றார். “எங்க, அதுக்குப் பாட்டுல எல்லாம் ஆர்வம் கெடையாது” என்று இவரே பதில் சொல்லிவிட்டார். எனக்கு எதில் ஆர்வம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லி இவர் எப்போது கேட்டார்?

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுப் பெண் ஒரு வேலை சொன்னாள். வல்லம் வடகாலில் சின்னக் கம்பெனி, ரப்பர் பார்ட்ஸ் செய்வது. அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் வெட்ட வேண்டும், வயது பார்க்க மாட்டார்கள், வேன் தெருமுனைக்கே வரும். அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னேன். “வேலை ஒண்ணு கீதுங்க. ரப்பர் கம்பெனி. போவட்டுமா?” பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டினார். மறுநாளும் சொன்னேன், விவரத்தோடு. தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் வந்து, பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நான் நிறுத்திய பிறகும் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பியவளைப் பார்த்து, “எங்கட்டி போற?” என்றார்.

“வேலைக்கு.”

“என்ன வேலை? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?”

“ரெண்டு நாளு நின்னுகினு சொன்னேன். தலைய ஆட்டுனீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டேன்.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிரஸ் மெஷின்கள். திம் திம்மென்று நாள் முழுக்க அடிக்கும். இவர் அங்கே பத்து நிமிஷம் தாங்க மாட்டார். நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பிசிறு வெட்டுவோம். கை வெட்டிக்கொண்டிருக்கும், வாய் கத்திக்கொண்டிருக்கும். கத்தினால்தான் கேட்கும். முதல் வாரத்தில், பழக்க தோஷம், என் தம்பி விஷயத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். எதிரே இருந்தவள் பிளேடை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பால இன்னாக்கா ஆச்சு?” என்றாள்.

அப்பால என்ன ஆச்சு. இதை ஒருவர் என்னிடம் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! நானும் பிளேடைக் கீழே வைத்தேன். பிறகு மடை திறந்த மாதிரி சொன்னேன். தம்பியைச் சொன்னேன், இடுப்பு வலியைச் சொன்னேன், மகள் ஹாஸ்டலில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்ததைச் சொன்னேன். அவரவரும் அவரவர் கதையைச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் பாதி காதில் விழாது. விழாததைத் திருப்பிக் கேட்பார்கள். மிச்சத்தை வேனில் சொல்லிக்கொண்டு வருவோம். டிரைவர் பாட்டைப் போட்டால், நிறுத்துப்பா என்று நாங்களே சத்தம் போடுவோம்.

இப்படியே மாதங்கள் போயின. சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் நான் அவரை எதற்கும் தொந்தரவு செய்யவில்லை. நெற்றியைப் பிடிக்கிறாரா, தலையாட்டுகிறாரா என்று எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, உலை வைத்துவிட்டு நின்றேன். ஹாலில் பாட்டு நடுவிலேயே நின்றது. கரண்ட் போயிற்றோ என்று பார்த்தால் விளக்கு எரிகிறது. அவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார். நிலைப்படியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“இப்பல்லாம் நீ ஒண்ணுமே பேச மாட்டேங்கியே. என்னமும் சொல்லு” என்றார். குரலில் எரிச்சல் இல்லை. நிஜமாகவே கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

இதற்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அன்றைக்கு நடந்தது நிறைய இருந்தது. தம்பி அப்பாவிடம் பேசிவிட்டான், மகள் லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் எல்லாவற்றையும் வேனிலேயே சொல்லிவிட்டேன். சிரிக்க வேண்டியதைச் சிரித்தும் ஆயிற்று. இவரிடம் இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்ல வேண்டுமென்றால் மனசுக்குள் ஓர் ஆசை இருக்க வேண்டும் அல்லவா? அது இருக்கிறதா என்று பார்த்தேன்.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

பழி வாங்குவதற்காகச் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். உலை கொதிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் அரிசியைக் களைந்து போட்டேன்.