முதல் தாளில் இருந்த பெயர்

"ஷ்வேதா, நான் சொல்லி நீ எழுதினப்போ முதல் தாள்ல என் பேர் இருந்ததேடி. இப்ப அது எங்கே போச்சு?"

2003 பொங்கல் விழாவில், டெல்லி கிட்வாய் நகர் பூங்காவில் போட்டிருந்த பந்தலில் நின்றுகொண்டு ஜலஜா மாமி என்னிடம் இப்படிக் கேட்டார். மாமியின் கையில் எங்கள் காலனித் தமிழர்கள் வெளியிட்ட பொங்கல் மலர் இருந்தது.

மாமி எங்கள் கீழ் வீட்டில் குடியிருந்தார். கணவர் ராஜாராமன் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. காலனியில் மாமியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தமிழர்களுக்கு அவர் 'ராஜாராமன் ஆத்து மாமி', மற்றவர்களுக்கு, மகள் பெயரை வைத்து 'ஷ்ரேயா கீ மம்மி'. ஆனால் வீட்டில் எது மக்கர் செய்தாலும் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். மழைக்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் கதவுகள் ஊதிப்போய்ச் சாத்த வராது. மாமி விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து, ஒரே தள்ளில் சாத்திக் காட்டுவார். டிசம்பர் குளிரில் இட்லி மாவு பொங்காவிட்டால் பாத்திரத்தை ரஜாய்ப் போர்வைக்குள் சுற்றி வைக்கச் சொல்வார்.

குளிர்காலத்தில் பெண்கள் பூங்காப் புல்லில் வெயில் காய்ந்துகொண்டே பட்டாணி உரிப்பார்கள். அங்கேதான் என் அம்மா மீனாக்ஷி ஒருநாள் சொன்னாள். அம்மா மலர்க் குழுவில் இருந்தாள்.

"இதையெல்லாம் எழுதிக் குடேன் ஜலஜா. உன் பேர் போட்டே வரும்."

"என் எழுத்து கோழி கிளறினாப்ல இருக்குமே!"

புசா ரோடு பள்ளியில் தமிழ் படிப்பவள் என்று என்னை எழுதச் சொன்னார்கள். மாமி சொல்லச் சொல்லப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். முதல் தாளில் 'வீட்டுக் குறிப்புகள் – ஜலஜா ராஜாராமன்' என்று பெரிதாக எழுதியதும் மாமி அதை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வேலையெல்லாம் என்னுது, பாதிப் பேர் அவரோடதா?" என்று சிரித்தார். "இருக்கட்டும், பாவம்."

பத்து வயது ஷ்ரேயாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மாவின் பெயர் அச்சில் வந்தால் அவளே கண்டுபிடிக்க வேண்டும் என்று மாமி அவளுக்கு ஜ, ல, ஜா மட்டும் கற்றுக்கொடுத்தார்.

விழாவில் ஷ்ரேயா மலரைப் பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினாள்.

"அம்மா, உன் பேர் மில்தா ஹீ நஹீ, காணவே காணோம்."

"ஜல்தி பண்ணாதே. நன்னாப் பாரு."

பிறகு மாமியே பார்த்தார். குறிப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேலே 'மீனாக்ஷி ராமசுப்ரமணியன்' என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"முதல் தாளை எடுத்துட்டேன். ராப்பகலா மலருக்கு ஓடினவ நான். என் பேர்ல ஒண்ணாவது வர வேண்டாமா? மெழுகுவத்தியை என்ன அவளா கண்டுபிடிச்சா?"

"நீதானேம்மா அவா பேர் போடறேன்னு சொன்னே?"

"வாயை மூடிண்டு இரு. வெளியில தெரிஞ்சா மானம் போகும்."

மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பூங்காவுக்குப் பக்கத்து பிளாக் பாப்பம்மாள் கோபமாக வந்தார். குழாயில் படியும் வெள்ளை உப்புக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கலாம், மொசைக் தரையில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். அச்சுக்குக் கொடுக்கும்போது அம்மா அதைச் சுருக்கி, 'தரைக்கும் நல்லது' என்று சேர்த்துவிட்டாள்.

"மீனாக்ஷிம்மா, உங்க பேச்சைக் கேட்டு ஹால் பூராத் தேய்ச்சேனுங்க. திட்டுத் திட்டா வெளுத்துக் கிடக்கு. அச்சா யோசனை சொன்னீங்க போங்க!"

அம்மா பட்டாணியிலிருந்து தலை நிமிரவில்லை. "அதெல்லாம் ஜலஜா சொன்னது. நான் எழுதினதோட சரி."

நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த மாமியின் கை நின்றது.

"இதுக்கு மட்டும் என் பேர் ஞாபகம் வந்துதா மீனாக்ஷி?"

மாமி என்னைப் பார்த்தார். 'தரையில் படக் கூடாது' என்ற வரியை எழுதியது என் கை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் புல்லைப் பார்த்தேன். மாமி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அவர் பூங்காவுக்கு வரவேயில்லை. யாராவது கதவைத் தட்டி ஏதாவது கேட்டால், "நேக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். கோடையில் கோல் மார்க்கெட் பக்கம் வேறு குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டார்கள். சாமான் வண்டியிலிருந்து ஷ்ரேயா எனக்குக் கை காட்டினாள். மாமி திரும்பவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கிறேன். இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதவில்லை. எழுதியதும் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். அவள் என்னிடம் பேசி நான்கு நாளாகிறது.

குழாயில் உப்புப் படியாத வீடு டெல்லியில் இல்லை. யாராவது உங்களிடம் அலுத்துக்கொண்டால் எலுமிச்சம்பழத்தைச் சொல்லுங்கள், தரையைப் பற்றியும் சொல்லுங்கள், கூடவே இந்தக் கதையையும் சொல்லுங்கள். என் பெயரோ என் அம்மாவின் பெயரோ விட்டுப்போனால் பரவாயில்லை. ஜலஜா என்ற பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.